வாசல் இல்லாத கடல்

புதிய கடல்நீர்த் தொட்டியில் ஏறிக்கொண்டே போகும் நைட்ரேட்டுக்கு மருந்து கடையில் இல்லை. கணக்கில் இருக்கிறது.

பொன்முடியின் உயரம் சுமார் 1,100 மீட்டர். கல்லாற்றைத் தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் தேயிலைத் தோட்டங்களும் புல்வெளியும் மூடுபனியும்தான். வானம் தெளிந்த நாளில் மேற்கே அரபிக்கடல் ஒரு கோடாகத் தெரியும். அதில் ஒரு குடம் வேண்டுமென்றால் திருவனந்தபுரம் வரை 60 கிலோமீட்டர் இறங்க வேண்டும். இந்த மலையில் ஒருவர் கடல்நீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்பட்டால் கடலைச் சமைத்துத்தான் ஆக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 35 கிராம் கடல் உப்புக் கலவை. 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ.

உப்புக் கரைவது சுலபம். சிக்கல் ஆரம்பிப்பது ஒன்றரை மாதம் கழித்து. கோமாளி மீன்கள் நன்றாகத் தின்கின்றன, தண்ணீர் கண்ணாடி போல் இருக்கிறது. ஆனால் சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டால் சிவப்பு ஏறுகிறது. நைட்ரேட் 40, அடுத்த முறை 80. கண்ணாடியில் பழுப்புப் பாசி படர்கிறது. புதிதாகத் தொட்டி வைத்த எவரும் பதறும் நேரம் இது. கடைக்கு ஓடி ஏதாவது ஒரு பாட்டிலை வாங்கி ஊற்றும் நேரமும் இதுதான்.

உண்மையில் நைட்ரேட் தோன்றுவது நல்ல செய்தி. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் முதலில் அம்மோனியாவாகின்றன. அது கடும் விஷம். ஒரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து வேலையைப் புரியவைத்தவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி. 1890-ஐ ஒட்டிய காலம் அது. புதிய தொட்டியில் இந்தக் கூட்டங்கள் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நைட்ரேட் ஏறி, மற்ற இரண்டும் பூஜ்யமானால் குடியேற்றம் முடிந்தது என்று அர்த்தம்.

அவசரப்பட்டுச் சோதிப்பவர்கள் ஏமாறுவதும் உண்டு. தண்ணீரில் நைட்ரைட் மிச்சமிருந்தால் சோதனைச் சாயம் அதையும் நைட்ரேட்டாகக் காட்டிவிடும். நைட்ரைட் பூஜ்யமாகும் வரை நைட்ரேட் அளவை நம்ப முடியாது. இன்னொரு குழப்பம்: சில சோதனைப் பெட்டிகள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் சொல்லும். அந்த எண்ணை 4.4-ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட். பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைப் படிக்காதவர் 10 என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் 44.

பவளத் திட்டுகளைச் சுற்றியுள்ள கடல்நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் நைட்ரேட்கூட இராது. தொட்டியில் பெரும்பாலான மீன்கள் 20, 40 வரை தாங்கும். பவளங்களும் கடல் சாமந்திகளும் அவ்வளவு பொறுக்காது.

ஏன் இப்படி ஏறுகிறது? ஒரு கணக்குப் போட்டால் போதும். உலர் தீனியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் புரதம். புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். தினம் 1 கிராம் தீனி போட்டால், மீன் உடம்பில் சேர்வதைக் கழிக்காமல் பார்த்தால், 200 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு லிட்டருக்கு 1.6 மில்லிகிராம் நைட்ரேட் சேரும். வாரத்துக்கு 11. வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினாலும் அது 55-ஐ ஒட்டித்தான் போய் நிற்கும், அதற்குக் கீழே வராது. அங்கே வாரும் வேகமும் சேரும் வேகமும் சமமாகிவிடுகின்றன. தீனியைப் பாதியாக்கினால் இதுவும் பாதியாகும். ஒரு செலவும் இல்லாத முதல் வைத்தியம் இது. புதியவர்கள் கடைசியாகச் செய்வதும் இதைத்தான். மீன் வாயைத் திறந்துகொண்டு வரும்போது கையை மடக்க மனம் வராது.

மாற்றும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது இரண்டாவது கேள்வி. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. உரமும் கழிவறைக் குழியும் கசியும் ஊர்களில் பல கிணறுகள் தாண்டுகின்றன. அப்படிப்பட்ட கிணற்று நீரில் உப்பைக் கரைத்து ஊற்றுபவர், நைட்ரேட்டை வார்ப்பதாக நினைத்து நிரப்பிக்கொண்டிருக்கிறார். தொட்டியைச் சோதிக்கும் முன் குழாயைச் சோதிக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர், சுத்தமாகப் பிடித்த மழைநீர், இரண்டில் ஒன்று வேண்டும். மழைக்குப் பஞ்சமில்லாத பொன்முடியில் இது பெரிய பாடில்லை. ராமநாதபுரத்திலோ நாமக்கல்லிலோ யோசிக்க வேண்டிய செலவு. வடிகட்டியின் பஞ்சையும் வாராவாரம் அலச வேண்டும்; அதில் சிக்கிய அழுக்கும் நைட்ரேட்டாகத்தான் மாறும்.

மூன்றாவது வழி, நைட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியாவுக்கு இடம் தருவது. ஆக்சிஜன் இல்லாத மூலையில் சில பாக்டீரியா நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடும். கடல் இதைப் பிரம்மாண்டமாகச் செய்கிறது. அரபிக்கடலின் மையத்திலும் வடக்கிலும், ஏறக்குறைய 150 மீட்டர் ஆழத்துக்குக் கீழே, ஆக்சிஜன் அநேகமாக அற்றுப்போன ஒரு பெரும் அடுக்கு இருக்கிறது. நைட்ரேட் இப்படி வாயுவாகும் உலகின் மூன்று முக்கியக் கடற்பகுதிகளில் அது ஒன்று. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் அளந்து ஆராய்ந்த விஷயம். கடலுக்கு அந்த வாசல் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்கு நாம்தான் வைக்க வேண்டும்.

1961-ல் ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிருள்ள பாறைத் துண்டுகளும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துக் கடல் தொட்டி நடத்துவதை எழுதினார். பாறையின் உள்துளைகளில் ஆக்சிஜன் எட்டாது. அங்கே இந்த வேலை நடக்கும். வெளிநாட்டுப் புத்தகங்கள் இன்றும் இதையே முதலில் சொல்கின்றன. இங்கே அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் சிறைதான். 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டியெடுத்ததில் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போயின. வீட்டுத் தொட்டியின் நைட்ரேட்டைக் குறைக்க அந்தக் கடலிலிருந்து ஒரு கல்லும் எடுக்க வேண்டியதில்லை. துளைகள் நிறைந்த பீங்கான் கற்கள், 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நுண்மணல், நன்றாக நடக்கும் பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி மணல் இருந்தால் போதும். மணலைக் கிளறாமல் சில மாதம் காத்திருக்க வேண்டும். கிளறினால் அடியில் சேர்ந்த விஷவாயு மேலே வரும்.

பக்கத்து அறையில் விளக்குப் போட்டுக் கடற்பாசி வளர்ப்பதும் பலன் தரும். பாசி நைட்ரேட்டை உண்டு வளரும். வளர்ந்ததைக் கத்தரித்து வெளியே எறிந்தால்தான் கணக்கு நேராகும். சிலர் சொட்டுச் சொட்டாக வோட்கா விடுகிறார்கள். அதிலுள்ள கார்பனைத் தின்று பாக்டீரியா பெருகி நைட்ரேட்டை இழுத்துக்கொள்ளும். நுரை வடிக்கும் கருவி அவற்றை வெளியேற்றும். அளவு மீறினால் ஆக்சிஜன் தீர்ந்து ஒரே இரவில் மீன்கள் மிதக்கும். புதிய தொட்டிக்கு இது வேண்டாத விளையாட்டு.

அவசரம் இன்னொரு விதத்திலும் கொல்லும். 80-ல் பழகிப்போன மீனை ஒரே நாளில் 5-க்குக் கொண்டுவரத் தண்ணீர் முழுவதையும் மாற்றினால், உப்பும் வெப்பமும் காரத்தன்மையும் சேர்ந்து மாறி மீன் துவளும். ஐந்தில் ஒரு பங்காக மாற்றிவந்தால் 80 என்பது 64, 51, 41 என்று இறங்கும். இடையில் போடும் தீனி அதைக் கொஞ்சம் ஏற்றும். இரண்டு மாதம் ஆகட்டும்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் விழிஞ்சத்திலும் மண்டபத்திலும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டியிருக்கிறது. பொரிப்பகத்தில் பிறந்த ஒரு ஜோடி 200 லிட்டருக்குத் தாராளம். மீன் குறைந்தால் தீனி குறையும், தீனி குறைந்தால் நைட்ரேட் குறையும். மூன்றாவது ஜோடியை வாங்கும் முன் சோதனைக் குழாயின் நிறத்தைப் பார்ப்பவருடைய தொட்டிதான் இரண்டாம் ஆண்டைக் காணும்.