மோதிரம் யார் விரலுக்கு?



தை பிறந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு நிச்சயதார்த்த அழைப்பாவது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. எங்கள் காலத்தில் எங்கள் பக்கத்தில் தாம்பூலத் தட்டு மாற்றுவதோடு சரி. இப்போது பெரும்பாலான வீடுகளில் மோதிரமும் மாற்றுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த மோதிரத்தை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் சில வீடுகளில் முகம் வாடிப்போகிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அப்பா இல்லாத பிள்ளை. அப்பா போட்டிருந்த ஒரு சவரன் மோதிரத்தை அவன் அம்மா இத்தனை வருஷமாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார். எவ்வளவோ கஷ்டத்திலும் அடகுக் கடைக்குப் போகாத ஒரே நகை அது. அதை உருக்கி, சிவப்புக் கல் வைத்து, மருமகளுக்குப் பெரிதாக மோதிரம் செய்து போட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பெண் நர்ஸ் வேலை பார்க்கிறாள். காதில் சின்னத் தோடு, கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதற்கு மேல் எதுவும் போட மாட்டாள்.

"அம்மாகிட்ட சொன்னா மனசு ஒடிஞ்சிடுவாங்க. அவகிட்ட கேட்டா, பிடிக்கலைன்னாலும் சரின்னு சொல்லிடுவா. பேசாம நானே கடையில ஒண்ணு வாங்கிடட்டுமா டீச்சர்?" என்றான்.

"கல்யாணப் புடவை எடுக்க யார் போறீங்க?" என்று கேட்டேன்.

"அவளையும் கூட்டிட்டுத்தான்."

"நாலு தடவை கட்டுற புடவைக்கு அவளைக் கேட்பே, நாற்பது வருஷம் போடுற மோதிரத்துக்குக் கேட்க மாட்டியா?"

எதிர்முனையில் சத்தமே இல்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், அவள் தினமும் என்ன போடுகிறாள் என்று கவனியுங்கள். விசேஷ வீட்டுப் போட்டோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதில் பாதி நகை அம்மாவுடையதாக இருக்கும்.

அடுத்தது, அவள் கை என்ன வேலை செய்கிறது? நான் பணியில் இருந்த காலம் முழுவதும் பட்டை மோதிரம்தான் போட்டேன். கல் மோதிரம் என்றால் சாக்பீஸ் தூள் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். நர்ஸ் வேலையில் நாள் முழுக்கக் கை கழுவ வேண்டும், கையுறை போட வேண்டும். தூக்கி நிற்கும் கல் கையுறையைக் கிழித்துவிடும். கல் வேண்டும் என்பவர்களும் அதன் உறுதியைப் பாருங்கள். வைரம் கடினத்தில் 10, மாணிக்கமும் நீலமும் 9. மரகதம் அதைவிடக் குறைவு, இடித்தால் விரிசல் விடும். முத்து மிகவும் மென்மை; தினசரி மோதிரத்துக்கு ஆகாது. வெள்ளைத் தங்கம் விரும்பினால், அதில் நிக்கல் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். சிலருக்கு அது தோலில் அரிப்பைக் கொண்டுவரும்.

மூன்றாவது, அளவு. காலையில் குளிர்ந்த கையில் அளவெடுத்தால் மாலையில் இறுக்கும். மாலையில் எடுங்கள். இரண்டு கை மோதிர விரலும் பெரும்பாலும் ஒரே அளவு இருக்காது. எந்தக் கை என்று முதலில் தீர்மானியுங்கள். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தைப் பிறகு பெரிதாக்குவது கஷ்டம்.

நான்காவது, தரம். 916 என்றால் 22 காரட், 750 என்றால் 18 காரட். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. மெல்லிய மோதிரம் வாங்குபவர்கள் இதைக் கவனியுங்கள். பழைய நகையை உருக்கக் கொடுத்தால் எடை போடும்போதும் உருக்கும்போதும் பக்கத்திலேயே நில்லுங்கள்.

மாணவன் கதைக்கு வருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைத்து, அம்மாவையும் வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். அம்மா மோதிரத்தை எடுத்து வந்து கையில் கொடுத்தாராம். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா இதை எந்த விரல்ல போட்டிருந்தாங்க அத்தை?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா வெகு நேரம் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். மகனுக்கே தெரியாத சங்கதியெல்லாம் அன்று வெளியே வந்திருக்கிறது.

கடைசியில் அவளே சொல்லியிருக்கிறாள்: "இந்தத் தங்கத்துலயே பண்ணலாம் அத்தை. கல் மட்டும் வேண்டாம். மெல்லிசா இருந்தா டியூட்டியிலயும் கழட்டாம போட்டுக்குவேன்." 3 கிராமில் மோதிரம், மீதியில் தாலிக்குக் குண்டு என்று முடிவானது. தன் ஆசையை யாரும் தள்ளிவிடவில்லை என்ற நிம்மதி அம்மாவுக்கு. தினமும் போட்டுக்கொள்ள ஒரு மோதிரம் அவளுக்கு. கேட்டால் மனசு உடையும் என்று அவன் பயந்தான். கேட்டதில்தான் மூன்று பேர் மனசும் சேர்ந்தது.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாப்பிள்ளைக்கு மோதிரம் வாங்கும்போது அவரையும் கேளுங்கள். இயந்திரத்தில், மின்சாரத்தில் வேலை செய்பவர்களுக்கு விரலில் மோதிரம் ஆபத்து. அப்படிப்பட்டவர் வேலை நேரத்தில் கழற்றி வைத்தால், "நாங்க போட்டது பிடிக்கலையா?" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"சஸ்பென்ஸா கொடுத்தாத்தானே டீச்சர் சந்தோஷம்?" என்று சிலர் கேட்பீர்கள். பூவோ, இனிப்போ சொல்லாமல் வாங்கிக் கொடுங்கள். ஆயுசுக்கும் போடுவதைக் கேட்டு வாங்குங்கள். கல்யாணத்துக்கு அப்புறம் வீடு, வேலை, குழந்தை என்று எத்தனையோ விஷயத்தில் ஒருவரையொருவர் கேட்க வேண்டியிருக்கும். அந்தப் பழக்கம் மோதிரத்திலேயே ஆரம்பிக்கட்டுமே.

இந்த வருஷம் நிச்சயம் ஆகப் போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். உங்கள் வீட்டு மோதிரக் கதை இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் இப்போது மார்க் குறைக்க மாட்டேன்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்