முன்கால் பாடம்

பிப்ரவரி 1, 2025, சனி

சீனப் புத்தாண்டு விடுமுறை இன்னும் தீரவில்லை. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் பாய் விரிக்க இடமில்லாத கூட்டம். வடகிழக்குக் காற்று 12 நாட். இவ்வளவு காற்று இருந்தும் பயிற்சியாளர் என்னைக் கடலில் இறங்க விடவில்லை. "அங்கிள், முதல்ல இதைத் தூக்கிப் பழகுங்க" என்றார். என் மகளைவிடச் சின்னவர்.

பழைய விண்ட்சர்ஃப் பலகையின் அடியில் ஃபின் இருந்த இடத்தில், இந்த ஃபாயில் பலகைக்கு 70 சென்டிமீட்டர் அலுமினியத் தண்டு. அதன் நுனியில் அகலமாக ஒரு முன்னிறக்கை, பின்னால் குட்டியாக இன்னொன்று. விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். கணைக்காலைக் கிழிக்க அது போதும். தூக்கிச் செல்லும்போது காற்று வரும் பக்கம்தான் நாம் நிற்க வேண்டும். மறுபக்கம் நின்றால் காற்று பலகையைப் புரட்டி நம் மேலேயே தள்ளும். இடுப்புக்கு மேல் தண்ணீர் வரும்வரை ஏறக்கூடாது. ஏறினால் இறக்கை மணலில் குத்தி நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நான் எண்பதுகளில் தொடங்கிய விண்ட்சர்ஃப். வேகம் பிடித்ததும் பின்னால் சாய்ந்து, பின்காலால் ஃபின்னை அழுத்துவது உடம்பில் ஊறிய பழக்கம். ஃபாயிலில் அதையே செய்தால் மூக்கு நிமிர்ந்து பலகை சரசரவென்று மேலேறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்கு; திடீரென்று ஒரு வீச்சுக் காற்று வந்தால் யோசிக்க நேரமில்லை. இறக்கை நீரை விட்டு வெளியே வந்ததும் தூக்குவிசை அற்றுப்போகிறது. பலகை தொப்பென்று விழுகிறது, நான் மட்டும் அதே வேகத்தில் முன்னால் போகிறேன். உடம்பைப் பாயோடு பிணைக்கும் ஹார்னஸ் கொக்கி மாட்டியிருந்தால் பாயோடு சேர்த்துக் கவண்கல்லாக எறிந்திருக்கும். மாஸ்டில் முகமோ, கையில் பிடிக்கும் பூமில் விலாவோ மோதும். அதனால்தான் பயிற்சியாளர் கொக்கியே வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

என்னோடு பழகும் கல்லூரி மாணவிக்கு விண்ட்சர்ஃப் தெரிந்து ஒரு வருடம்தான் ஆகிறது. முன்காலில் எடையை வை என்றால் வைக்கிறாள். எனக்கு அது கேட்கிறது, காலுக்குக் கேட்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

டாக்டரிடம் போனேன், மனைவியும் கூடவே வந்தாள். தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன் என்றதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தலையில் லேசாக அடிபட்டாலும் மறைக்கக் கூடாதாம். வயதானவர்களுக்கு, அதுவும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு, மூளையைச் சுற்றி ரத்தம் மெதுவாகக் கசியலாம். சில வாரம் கழித்துத்தான் தலைவலி, தள்ளாட்டம், குழப்பம் என்று தெரியவரும். ஹெல்மெட் வெட்டுக்காயத்தையும் மண்டையோடு உடைவதையும் குறைக்கும், மூளை குலுங்குவதை முழுசாகத் தடுக்காது என்றார். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடத்துக்கு மேலாகிறது, அதையும் போட்டார்.

பிறகு தோள். அறுபதைத் தாண்டினால் தோள்மூட்டுத் தசைநார் வலியே இல்லாமல் நைந்திருக்கக்கூடும். நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும் என்றார். இங்கேதான் எனக்குச் சிக்கல். விழும்போது பூமை விடவே கூடாது என்பது பயிற்சியாளரின் முதல் சட்டம்.

"அப்ப விட்டுட வேண்டியதுதானே?" என்றாள் மனைவி. பூமையா, விளையாட்டையா என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

பூமை விடலாமா என்று பயிற்சியாளரிடமே கேட்டேன். பூமை விட்டால் உடம்பு பலகையின் முன்னாலோ ஃபாயிலின் மேலோ போய் விழும். பிடித்திருந்தால் இறக்கையிலிருந்து தள்ளியே விழுவோம். அதனால் பிடி விடக்கூடாது. ஆனால் முழங்கையை மடக்கியே வைக்க வேண்டும், பாயைச் சின்னதாக எடுக்க வேண்டும். பலகை ஏறுவது கைமீறிப் போகிறது என்று தெரிந்ததும், அதோடு மல்லுக்கட்டாமல், காற்று வரும் பக்கமாகப் பின்புறம் தண்ணீரில் உட்கார்ந்துவிட வேண்டும். தாழ இருக்கும்போது விழுந்தால் தோளில் இழுப்பு குறைவு. இன்று முழுக்க அப்படி உட்காரத்தான் பழகினேன்.

கால் ஸ்ட்ராப்பையும் கழற்றச் சொல்லிவிட்டார். பாதம் ஸ்ட்ராப்பில் சிக்கி உடம்பு திரும்பினால் நடுப்பாதத்து எலும்புகள் விலகும். நெப்போலியன் படையில் இருந்த லிஸ்ஃப்ராங்க் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயரால் வழங்கும் காயம் அது. குதிரையிலிருந்து விழுந்தும் அங்கவடியில் கால் மாட்டிக்கொண்டவர்களுக்கு வந்தது, இன்று விண்ட்சர்ஃப்காரர்களுக்கு வருகிறது. வெறும் சுளுக்கு என்று நடந்தே கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடம் எடுத்த மைத்துனரோடு நடந்தேன். கணைக்காலில் நீலமாகக் கன்றியிருப்பதை வேட்டி மறைத்தது. வழியில் பழைய விண்ட்சர்ஃப் கூட்டாளி ஒருவரைப் பார்த்தேன். பேச்சு மேக்ஸ் மேடரிடம் போனது. 2024 ஆகஸ்ட் 9, நம் தேசிய தினத்தன்று ஒலிம்பிக் கைட்ஃபாயிலில் வெண்கலம் வாங்கினபோது பையனுக்கு 17 வயது. "அவன் விழுறதைப் பாத்து நீயும் விழாதே" என்றார். பாரிஸ் ஒலிம்பிக்கின் விண்ட்சர்ஃப் பலகையான ஐக்யூஃபாயிலின் தண்டு 95 சென்டிமீட்டர். என்னுடையது 70, இறக்கையும் அதைவிடப் பெரியது. மெதுவாக ஏறும், தாழ்வாகவே பறக்கும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

பிப்ரவரி 15, சனி

பௌர்ணமி கழிந்த ஓதம், கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. நீர் ஏறும்வரை காத்திருந்து இறங்கினேன். முன்கால் கடைசியில் சொன்னபடி கேட்டது. நங்கூரமிட்ட கப்பல்களைப் பார்த்தபடி சத்தமில்லாமல் முழங்கால் உயரத்தில் போனேன். ஒரு பிளாஸ்டிக் பை இறக்கையில் மாட்டியதும் பலகை நின்றது, நான் நிற்கவில்லை. முழங்கை மடங்கியிருந்ததால் தோள் தப்பியது.

இன்னும் ஒரு சுற்று போகலாம் என்று ஆசை. ஆனால் தொடை நடுங்கியது. களைத்த உடம்பு புதுப் பாடத்தை மறந்துவிட்டுப் பழைய பழக்கத்துக்குத்தான் ஓடும், பின்னால் சாயும். கரையேறிவிட்டேன். மாணவி இன்னும் ஒரு மணி நேரம் விழுந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பட்ட அடி நாளைக்கே ஆறிவிடும். எனக்கு ஒரு கன்றல் ஆற இரண்டு வாரம். ஆகவே நான் விழுவதையே சிக்கனமாகச் செய்ய வேண்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

விலா வலிக்கவில்லை, தலைவலி இல்லை. மனைவி காலையில் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். இந்தப் பருவம் முடியும்வரை கொக்கியும் ஸ்ட்ராப்பும் கிடையாது. காற்று 15 நாட் வேகத்துக்கு மேல் வீசும் நாளில் பழைய ஃபின் பலகையையும் எடுப்பதில்லை. எடுத்தால் பின்கால் மறுபடி கெட்டுப்போகும். ஜூனில் தென்மேற்குக் காற்று தொடங்கட்டும், கொக்கியைத் திருப்பிக் கேட்கிறேன்.