வீட்டுக் கருவிகளும் கிணற்று நீரும்

யந்திரம் ஒன்றை வாங்குதல் எளிது. அதனைப் பேணுதல் அரிது. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தவணைப் பணமாகக் கட்டி மோட்டார் சைக்கிள் வாங்கும் குடும்பங்கள் இன்று எமது ஊர்களில் மிகப் பல. ஆயினும், அதன் வயிற்றினுள்ளே கிடக்கும் ஒயில் எத்தகையது, அஃது எப்போது கெடும், கெட்டபின் எங்கே போகும் என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. இவற்றுள் இறுதி வினாவே குடும்பத்தாருக்கு முதன்மையானது என்பது எமது துணிபு. அதற்கு வருமுன் வேலையின் முறையினைச் சிறிது ஆராய்வோம்.

இல்லாத கருவியை உள்ள பொருளாற் செய்துகொள்ளும் வழக்கம் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்திலே நாம் பாடசாலை மாணவராயிருந்தோம். ஜாம் போத்தலுக்குள் மண்ணெண்ணெயும் திரியும் இட்டு விளக்கேற்றினோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலி கேட்டோம். மோட்டார் சைக்கிள்களோ சில துளி பெற்றோலால் உயிர்பெற்று, மண்ணெண்ணெயால் ஓடின.

எமது தந்தையாரின் ஹொண்டா சி90 உம் அவ்வாறே ஓடியது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதன்று. எரியாது எஞ்சிய பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, ஒயிலோடு கலந்து, அதனை நீர்த்துப்போகச் செய்யும். ஆகவே ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. புதிய ஒயிலோ கிடைத்தற்கு அரியது. தந்தையார் பழையதைச் சீலையில் வடித்து, அடியிலே மண்டி படியும்வரை பொறுத்து, மேலே நின்றதை மீண்டும் ஊற்றுவார். அஃது அன்றைய வறுமை காட்டிய வழி. இன்று எவரும் பின்பற்றத் தக்கதன்று. பின்பற்றத் தக்கது அவருடைய பொறுமையே.

அப்பொறுமையுடன் நாம் வீட்டிலே செய்துகொண்ட கருவிகளைக் கூறுவோம். முதலாவது, ஒயில் ஏந்தும் தட்டு. 5 லீற்றர் பிளாஸ்டிக் கான் ஒன்றைப் படுக்கையாகக் கிடத்தி, மேலே நோக்கும் அகன்ற பக்கத்தை மட்டும் வெட்டியெடுத்தால் அதுவே தட்டு. வாயின் மூடியை இறுக்கி வைத்து ஒயிலை ஏந்தலாம். பின்னர் மூடியைத் திறந்து, சிந்தாமல் போத்தலுக்கு மாற்றலாம். இரண்டாவது, புனல். சோடாப் போத்தலின் கழுத்துப் பகுதியைச் சரிவாக வெட்டி, நுனியிலே ஒரு சாண் ரியூப்பைப் பொருத்தினால், கை நுழையாத இடத்திலும் ஒயில் ஊற்றலாம். மூன்றாவது, தகரத்தை வளைத்துச் செய்த சிறு பீலி. வடிதுளையின் கீழே புகைக்குழாயோ சட்டமோ குறுக்கிடும் வண்டிகளில் ஒயிலைத் தட்டுக்கு வழிநடத்துவது இதுவே. கைக்கு உறையாகப் பாண் சுற்றிவரும் பை போதும். பழைய ஒயில் பலமுறை தோலிற் படுதல் நோய்க்கு ஏதுவாகும்.

இனி முறை. என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துக. இளஞ்சூட்டில் ஒயில் இளகி, அழுக்கையும் ஏந்திக்கொண்டு வெளிவரும். கை சுடாத அளவுக்கு ஆறியபின் வடியாணியைக் கழற்றுக. மேல்மூடியையும் திறந்துவிட்டால் காற்றுப் புகுந்து ஒயில் விரைந்து இறங்கும். வண்டியை நேராக நிறுத்திச் சிறிது இப்புறமும் அப்புறமும் சரித்தல் நன்று. ஆணித்துளையின் ஓரத்திலே தேங்கி நிற்பதை, பெரிய மருந்து ஊசிக்குழாயின் முனையில் மெல்லிய ரியூப்பைப் பூட்டி உறிஞ்சி எடுக்கலாம். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் வழக்கம் சிலரிடம் இன்றும் உண்டு. உள்ளே எஞ்சும் மண்ணெண்ணெய் புதிய ஒயிலைக் கெடுக்குமாதலால் அதனைத் தவிர்க்க.

பழுதாய்ப்போன வானொலியின் ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்று எம்மிடம் உண்டு. அதனைத் தட்டின் அடிப்புறத்திலே ஒட்டிப் பிடித்தால், ஒயிலிலுள்ள இரும்புத் துகள்கள் அவ்விடத்தே திரளும். நுண்ணிய சாம்பல் நிறச் சேறு இயல்பான தேய்வு. கண்ணுக்குத் தெரியும் செதில்களோ துண்டுகளோ உள்ளே ஏதோ உடைவதன் அறிகுறி. ஒயில் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது. மருத்துவர் நாடி பார்ப்பது போன்றதே இச்சோதனை.

ஆணியின் கீழுள்ள வளையம் செம்பாயின், சிரட்டைக் கரி நெருப்பிலே சிவக்கக் காய்ச்சி நீரில் இட்டால் மென்மை பெற்று மீண்டும் பயன்படும். உருக்கை இவ்வாறு செய்தால் கடினமாகும், செம்போ இளகும். அலுமினிய வளையமாயின் புதியதே போடுக. இங்கே ஒரு வரம்பையும் கூறல் வேண்டும். ஆணி கழற்றும் ஸ்பானர் மட்டும் வீட்டிற் செய்யத் தக்கதன்று. எமது வண்டியின் ஆணிக்கு 17 மில்லிமீற்றர் வளைய ஸ்பானரே பொருந்தும். குறட்டினாற் பிடித்தால் ஆணியின் தலை மழுங்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினியத்தில் வெட்டிய புரி அழியும். எதனைச் செய்துகொள்ளலாம், எதனை வாங்கியே தீரவேண்டும் என்று அறிதலும் கைத்தொழில் அறிவே.

புதிய ஒயிலின் அளவையும் வகையையும் கைந்நூல் சொல்லும். சிறிய ஹொண்டாவுக்கு ஏறக்குறைய 0.8 லீற்றர். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச்சும் அதே ஒயிலிலேயே மூழ்கியிருப்பதால், ஜாசோ எம்.ஏ. என்னும் குறியுள்ளதைத் தேர்க. காருக்குரிய சிலவகை ஒயிலால் கிளச் வழுக்கும்.

வேலை முடிந்துவிட்டதென்று பலர் எண்ணுவது இவ்விடத்திலேதான். "சேர், மண்ணிலே ஊத்தினா மண் உறிஞ்சிப் போடுந்தானே?" என்று எமது மாணவன் ஒருவன் வகுப்பிலே கேட்டான். உறிஞ்சும், உறிஞ்சியதை எங்கே கொண்டுபோகும் என்பதே வினா. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கித் தேங்குவதே எமது குடிநீர். மண்படையோ பல இடங்களில் மெல்லியது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளதென 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த அச்சத்தையும், மக்கள் தண்ணீர்த் தாங்கிகளை எதிர்பார்த்துக் காத்திருந்ததையும் மறத்தல் இயலாது. ஒரு கலன் கழிவு ஒயில் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கின்றது.

எமது அன்னையார் எழுபதைக் கடந்தவர். அவருக்குக் கழிவு ஒயில் பெறுமதியான பொருள். "தம்பி, அதைக் கொட்டிப்போடாதை, படலைத் தூணுக்குப் பூசினால் கறையான் வராது" என்பார். முன்னோர் செய்த வழக்கமே அது. ஆயின் படலையிலிருந்து எமது கிணறு இருபது அடி தூரமும் இல்லை. தூணிற் பூசியதை மாரிமழை கழுவும். உலோகத் துகளும் எரிந்த எச்சங்களும் அதனோடு மண்ணிலே இறங்கும். இதனை நாம் விளக்கியபோது அவர் உடனே இசையவில்லை. "அந்தக் காலத்திலை எல்லாரும் பூசினவைதானே?" என்றார். அந்தக் காலத்தில் ஊருக்கு ஒன்றிரண்டு வண்டிகள். இன்று வீட்டுக்கு ஒன்றிரண்டு என்றோம். சிறிது நேரம் கிணற்றடியைப் பார்த்திருந்தவர், "பேரப்பிள்ளையள் குடிக்கிற தண்ணி. அப்ப வேண்டாம், தூணுக்குக் கீழே சீமெந்துக் கட்டை வைப்பிப்பம்" என்றார். அவ்வாறே வைப்பித்தோம். கறையானும் இதுகாறும் ஏறவில்லை.

ஆதலின், எம்மிடம் உள்ள கருவிகளுள் தலையாயது மூடி இறுகிய ஒரு பழைய ஒயில் போத்தலே. "கழிவு ஒயில்" என்று அதன்மேற் பெரிதாக எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாது வைத்துள்ளோம். நிறைந்ததும், கழிவு ஒயிலைப் பீப்பாயில் சேர்த்துக் கொள்வனவாளருக்கு அளிக்கும் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுசெல்கின்றோம். மாணவர்களே, உங்கள் தந்தையாரோ தமையனாரோ முற்றத்தில் ஒயில் மாற்றும்போது அருகே சென்று உதவுங்கள். ஆணியின் அளவையும் காந்தத்தின் பயனையும் கற்றுக்கொள்ளுங்கள். அவ்வேலை முடிந்ததும், பழையது எங்கே போகின்றது என்று பணிவோடு கேளுங்கள்.