பாப்பாவுக்கு ஒரு ஜன்னல் சீட்!

வீட்டுல ஒருத்தர் இன்ஜினீயரிங் சேர்ந்துட்டா போதும்... மிக்ஸி ரிப்பேர்ல இருந்து ஃப்ளைட் டிக்கெட் வரைக்கும் அத்தனையும் அவங்க தலையிலதான்! அதுவும் அமெரிக்காவுல இருக்கிற அக்கா கைக்குழந்தையோட லீவுக்கு வந்திருந்தா, கேட்கவே வேணாம். ‘மாமாவுக்கு லீவு கிடைக்கலையாம், அக்கா தனியாத்தான் திரும்பிப் போறா, நல்ல ஃப்ளைட்டா பார்த்துப் போடு’னு ஒரே வரியில உத்தரவு வந்துடும். நல்ல ஃப்ளைட்னா எது பாஸ்? விலை கம்மியா இருக்கிறதா, சீக்கிரம் போய்ச் சேர்றதா? கையில எட்டு மாசக் குழந்தை இருந்தா ரெண்டுமே இல்லை!

சென்னை டு சிகாகோ ரூட்டையே எடுத்துக்குவோம். நேர் விமானம் கிடையாது. நடுவுல எங்கயாவது இறங்கி மாறியே ஆகணும். ஃப்ராங்ஃபர்ட் வழின்னா முதல்ல சுமார் 10 மணி நேரம், அடுத்து 9 மணி சொச்சம். தோஹா வழின்னா முதல்ல நாலரை, அஞ்சு மணி நேரம். அப்புறம் ஒரே மூச்சுல 14 மணி நேரத்துக்கு மேல. கூட்டிப் பார்த்தா பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா பாப்பா என்ன ஸ்டேஜ்ல இருக்குன்னு பாருங்க. பால் குடிச்சுட்டுத் தூங்குற மூணு மாசக் குழந்தைன்னா 14 மணி நேரம் பிரச்னை இல்லை. தவழ ஆரம்பிச்ச வாண்டுன்னா, பாதி வழியில தரையில இறக்கிவிட ஒரு ஊர் வேணும். என் ஓட்டு ஃப்ராங்ஃபர்ட்டுக்கு!

அதே மாதிரி, கடைசியா இறங்குற இடம் சிகாகோவாவே இருக்கட்டும். ‘நியூயார்க் போய் மாறினா பத்தாயிரம் கம்மி’னு ஆசை காட்டுவாங்க, மயங்காதீங்க. அமெரிக்காவுல முதல்ல எந்த ஊர்ல கால் வைக்கிறோமோ அங்கதான் இமிக்ரேஷன். பெட்டியையும் அங்கேயே எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, திரும்பவும் போடணும். ஒரு இடுப்புல குழந்தை, இன்னொரு கையில ரெண்டு பெட்டி... நினைச்சாலே மூச்சு வாங்குது!

நடுவுல மாறுறதுக்கு ஒண்ணேகால் மணி நேரம்னு டிக்கெட்ல போட்டிருந்தா, அது நம்மளை மாதிரி பையைத் தோள்ல மாட்டிட்டு ஓடுற ஆளுங்களுக்கு. டயப்பர் மாத்தணும், திரும்பவும் செக்யூரிட்டி க்யூவுல நிக்கணும், பல சமயம் விமானத்துல இருந்து பஸ்ல ஏத்திக் கொண்டுபோய் விடுவாங்க. மூணு மணி நேரமாவது விடுங்க. ரெண்டு பயணமும் ஒரே டிக்கெட்ல இருக்கட்டும். முதல் விமானம் லேட்டாகி அடுத்ததைத் தவறவிட்டா, வேற விமானத்துல ஏத்திவிடுறது அவங்க பொறுப்பு.

இங்க ஒரு குட்டி சயின்ஸ். பறக்கும்போது விமானத்துக்குள்ள காத்தழுத்தம் தரையில இருக்கிற மாதிரி இருக்காது. சாதாரண விமானங்கள்ல அதிகபட்சம் 8,000 அடி உயரத்துல இருக்கிற அளவு, அதாவது ஊட்டியைவிடக் கொஞ்சம் மேல. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரி புது விமானங்கள்ல 6,000 அடி, கிட்டத்தட்ட குன்னூர்! விலை ஒண்ணா இருந்தா குன்னூரையே எடுங்க. காது வலி வர்றது பெரும்பாலும் இறங்கும்போதுதான். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போது பால் குடுக்கச் சொல்லுங்க. முழுங்க முழுங்க அடைப்பு விடும்.

சரி, பாப்பா எங்கே உட்காரும்? பெரிய கேள்வியே இதுதான்.

ரெண்டு வயசுக்குக் கீழன்னா மடியில வெச்சுக்கலாம். சர்வதேச விமானங்கள்ல பொதுவா பெரியவங்க கட்டணத்துல 10 சதவிகிதம் அளவுக்கு வாங்குவாங்க. முன்வரிசைச் சுவர்ல மாட்டுற தொட்டில் கேட்டு வாங்கலாம். ஆனா எண்ணிக்கை கம்மி, எடைக்கு உச்சவரம்பு உண்டு, சீக்கிரம் புக் பண்ணலைன்னா போச்சு. இன்னொண்ணு, விமானம் குலுங்கி சீட் பெல்ட் விளக்கு எரிஞ்சா, பெரும்பாலான விமானங்கள்ல தூங்குற குழந்தையை எழுப்பித் தூக்கிக்கச் சொல்வாங்க.

தனி சீட் வாங்கி, அதுல கார் சீட்டை வெச்சுக் கட்டலாம்ங்கிறது இன்னொரு வழி. செலவு கூடுதல்தான், மறுக்கலை. ‘என் குழந்தையை நான் பிடிச்சுக்க மாட்டேனா?’னு அக்கா கேட்பாங்க. 1989 ஜூலை 19 அன்னைக்கு இதே சிகாகோவுக்கு டென்வர்ல இருந்து கிளம்பின யுனைடெட் 232 விமானம், இன்ஜின் வெடிச்சு அயோவா மாநிலம் சூ சிட்டியில விழுந்து நொறுங்குச்சு. மடிக் குழந்தைகள் நாலு பேர் அதுல இருந்தாங்க. அப்போ இருந்த விதிப்படி, குழந்தைங்களைத் தரையில படுக்கவெச்சுப் பிடிச்சுக்கச் சொன்னார் தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன். ஒரு குழந்தை பிழைக்கலை. ‘குழந்தைக்கும் தனி சீட், தனி பெல்ட் கட்டாயமாக்குங்க’னு அதுக்கப்புறம் பல வருஷம் போராடினார் அவர்.

2005-ல அமெரிக்க விமானத் துறை ‘கட்டாயமாக்க முடியாது’னு முடிவா சொல்லிடுச்சு. காரணம்தான் சுவாரஸ்யம்: டிக்கெட் விலை ஏறினா நிறைய குடும்பங்கள் கார்ல கிளம்பிடும், ரோடு, விமானத்தைவிட ஆபத்து! லாஜிக் சரிதான். ஆனா சென்னையில இருந்து சிகாகோவுக்கு யாரும் கார்ல போகப் போறதில்லையே? அதனால, காசுக்கு வழி இருந்தா தனி சீட்னுதான் நான் சொல்வேன். வழி இல்லைன்னா தொட்டில். அதுல அக்காவைக் குற்ற உணர்ச்சியில தள்ள வேணாம். மடிக் குழந்தைகள் தினம் தினம் பத்திரமா போய்ட்டுதான் இருக்காங்க.

கார் சீட்டை எடுத்துட்டுப் போறதுன்னா லேபிளைப் படிங்க. கார், விமானம் ரெண்டுக்கும் ஏத்ததுன்னு அமெரிக்க சீட்கள்ல சிவப்பு எழுத்துல அச்சடிச்சிருக்கும். ஐரோப்பிய விமானங்கள்ல வேற சான்று கேட்கலாம்; மாடல் பேரைச் சொல்லி முன்கூட்டியே ஓகே வாங்கிடுங்க. அகலம் 16 இன்ச்சுக்குள்ள இருந்தா எகானமி சீட்ல அடங்கும். ஜன்னல் சீட்டா எடுங்க. அவசரத்துல மத்தவங்க வெளியேறுற வழியை அது மறிக்கக் கூடாது. ஆக, குடும்பத்துலயே ஜன்னல் சீட்டுக்கு முழு உரிமை பாப்பாவுக்குத்தான்!

‘இங்கேயே ஒண்ணு வாங்கிக் குடுத்தனுப்பிடலாம்’னு தாத்தா கிளம்புவார். அன்பா தடுத்துடுங்க. இங்க கிடைக்கிறது பெரும்பாலும் ஐரோப்பியத் தரத்துல செஞ்சது. அமெரிக்க ரோட்டுல அந்த நாட்டுத் தரச் சான்று இருக்கிற சீட்தான் செல்லும். அக்கா அங்க இருந்து வரும்போதே கொண்டுவந்திருந்தா அதுதான் பெஸ்ட். இல்லைன்னா மாமா அங்க வாங்கி, கார்ல மாட்டி ரெடியா வெச்சிருக்கணும். ஓசியில கிடைக்குதேன்னு பழசை வாங்கிடாம, காலாவதி தேதியைப் பார்க்கச் சொல்லுங்க. ஆமா, பிஸ்கட் பாக்கெட் மாதிரி கார் சீட்டுக்கும் தேதி உண்டு!

மீனம்பாக்கம் போற கால் டாக்ஸியில இருந்தே அதைப் பயன்படுத்தணும். 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி நம்ம ஊர்லயும் 14 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லைன்னா 1,000 ரூபாய் அபராதம். ஆனா பின் சீட்ல பெல்ட் கொக்கி, சீட் கவருக்கு அடியில புதைஞ்சு கிடக்கும். டிரைவர் அண்ணாகிட்ட சொல்லி முதல்லயே தோண்டி எடுத்துடுங்க. ‘ஏர்போர்ட் பக்கம்தானே, மடியில வெச்சுக்கலாம்’னு சித்தி சொன்னா, ஃபர்ஸ்ட் இயர் ஃபிஸிக்ஸை எடுத்து விடுங்க. 50 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி 0.1 செகண்ட்ல நின்னா, 8 கிலோ பாப்பாவை நிறுத்திப் பிடிக்க சுமார் 110 கிலோவைத் தூக்குற பலம் வேணும். சித்தியால முடியுமா?

அந்தப் பக்கம் சிகாகோ இருக்கிற இல்லினாய்ல 2019-ல இருந்து, ரெண்டு வயசுக்குக் கீழ இருந்தா பின்பக்கம் பார்த்த மாதிரி உட்காரவைக்கிறது சட்டம். ரொம்ப எடையோ உயரமோ இருந்தா மட்டும் விலக்கு. போறது ஜனவரின்னா இன்னொரு விஷயம்: தடி ஜாக்கெட்டோட பெல்ட் போட்டா இறுக்கமா இருக்கிற மாதிரி தெரியும், மோதும்போது பஞ்சு அமுங்கி பெல்ட் லூஸாகிடும். மெல்லிசு துணி, அதுக்கு மேல பெல்ட், அதுக்கு மேல போர்வை. அம்மா தி.நகர் முழுக்க அலைஞ்சு வாங்கின அந்த ஜாக்கெட்டை, பெல்ட் மாட்டின பிறகு பாப்பா மேல போர்த்தி, ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிடுங்க. அம்மாவுக்கு ஜாக்கெட் தெரிஞ்சா போதும்!