நாக்கு தொடும் இடம்

ஆடியில் பேண்டு வாத்தியக்காரர்களை வீட்டிலேயே பிடிக்கலாம். முகூர்த்தம் கிடையாது. அம்மன் கோயில் ஊர்வலம் இருந்தால் போவார்கள். இல்லாத நாட்களில் வாத்தியத்தைப் பழுது பார்ப்பார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். திருச்சி உறையூரில் நான் பார்க்கப் போன கிளாரினெட் மாஸ்டர் இரண்டையும் சேர்த்தே செய்துகொண்டிருந்தார். மடியில் பழைய கிளாரினெட்டின் கீழ்ப்பாதி. அதன் சாவிகளுக்கு அடியில் தேய்ந்துபோயிருந்த பேடுகளைப் பெயர்த்தபடி, எதிரே பாயில் உட்கார்ந்து ஊதிய இரண்டு பேரைக் காதாலேயே கவனித்துக்கொண்டிருந்தார்.

ஒருவன் ஏழாம் வகுப்புப் பையன். அதே பேண்டில் ட்ரம் அடிப்பவரின் மகன். இன்னொருவர் கல்லூரி மாணவி, வாய்ப்பாட்டு கற்றவர். பையனிடம் முழு வாத்தியம் தரப்படவில்லை. மவுத்பீஸும் அதை ஒட்டி வரும் சிறு துண்டும்தான் அவன் கையில் இருந்தன.

"முழுசாக் குடுத்தா புத்தி விரலுக்குப் போயிடும் சார்," என்றார் மாஸ்டர். "இப்ப அவனுக்கு விரலே வேணாம். மூச்சு நிக்காம வரட்டும்."

கீழுதட்டைக் கீழ்ப்பற்கள் மேல் மடித்து, மேற்பற்களை மவுத்பீஸில் ஊன்றி, கன்னம் உப்பாமல் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தான் பையன். வாரக்கணக்கில் இதுதான் பாடம். நாக்குக்கு இன்னும் வேலை வரவில்லை. இந்தக் கண்டிப்பு தேவைதான் என்பது என் எண்ணம். முதல் வாரமே சினிமாப் பாட்டைக் கையில் கொடுத்துவிட்டால், புதிதாகக் கற்பவர் சுரத்தை நாக்கால் அடித்து எழுப்பப் பழகிவிடுகிறார். ஒவ்வொரு சுரத்துக்கும் மூச்சை நிறுத்தித் திரும்பத் தொடங்குகிறார். பிறகு அதை மாற்ற வருஷங்கள் ஆகின்றன.

உண்மையில் நடப்பது நேர்மாறு. மவுத்பீஸில் கட்டியிருக்கும் நாணல் பட்டைதான் ரீடு. அதன் நுனி ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான். அந்த நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி. அதற்குள் காற்று புகும்போது ரீடு துடிக்கிறது. அந்தத் துடிப்பே ஒலி. நாக்கின் நுனி ரீடின் நுனியைத் தொட்டால் துடிப்பு அடங்குகிறது, எடுத்தால் திரும்ப எழுகிறது. ஆகவே சுரம் பிறப்பது நாக்கு விலகும் கணத்தில். தொட்டிருக்கும் நேரத்திலும் பின்னால் காற்று அழுத்திக்கொண்டே இருந்தால்தான் விலகியதும் சுரம் சுத்தமாக எழும்.

"நாக்கு தாழ்ப்பாள் மாதிரி சார். கதவைத் தள்ளுறது காத்துதான்."

மாணவிக்கு நாக்குப் பாடம் அன்றுதான் தொடங்கியது. துளை எதையும் மூடாமல் எழும் திறந்த சுரம். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு முதலில் "தூ" என்று நீட்டச் சொன்னார். பிறகு அதே மூச்சில் "தூதுதுது". முதல் எழுத்து அழுத்தமாக வந்தது. அடுத்தவை தாமாகவே மென்மையாயின. தமிழில் சொல்லுக்கு நடுவே வரும் த அப்படித்தான். "அது" என்று சொல்லிப் பார்த்தால் தெரியும், நாக்கு பல்லைத் தொட்டாலும் குரல் அறுவதில்லை. உள்ளங்கையில் காற்று விடாமல் படுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். படுகிறது என்று மாணவி தலையசைத்த பிறகே வாத்தியத்தை வாயில் வைக்கச் சொன்னார். ட என்று சொன்னால் நாக்கு மேலே மடங்கி ரீடை விட்டு விலகிவிடும். க என்றால் தொண்டை அடைக்கும். த ஒன்றுதான் நாக்கின் நுனியைச் சரியான பக்கத்துக்குக் கொண்டுவருகிறது.

முதலில் வந்தது தொப்தொப்பென்று ஒரு சத்தம். நாக்கின் நடுப்பகுதி ரீடின் வயிற்றில் மோதியிருக்கிறது. மாஸ்டர் ஒரு சிறிய கண்ணாடியை நீட்டினார். "தாடையைப் பாரும்மா. ஆடுதுல்ல? அது அசையக் கூடாது. நுனி மட்டும் போய்ட்டு வரட்டும். அடிக்காதே, தொடு." சில தரம் கீச்சிட்டது. மெல்ல மெல்ல, நீண்ட ஒரு மூச்சின் மேல் நான்கு சுரங்கள் தனித்தனியாக நின்றன. தாடை அசையவில்லை. மாஸ்டர் பேடை ஒட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

இந்த வாத்தியம் ஜெர்மனியின் நூரம்பெர்க்கில் 1700-ஐ ஒட்டி யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் உருவாக்கியது. 19-ஆம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் அதைச் சதிர் என்ற நாட்டியக் கச்சேரிக்குள் கொண்டுவந்தார் என்பார்கள். முகவீணை என்ற சிறு குழல் இருந்த இடத்தில் கிளாரினெட் வந்து உட்கார்ந்தது. நாக்கால் சுரத்தைப் பிரிக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. நாகஸ்வரக்காரர்கள் துத்துகாரம் என்று அதைத்தான் பழகுகிறார்கள். ஏ.கே.சி. நடராஜன் வாய்ப்பாட்டையும் நாகஸ்வரத்தையும் கற்றுத்தான் கிளாரினெட்டுக்கு வந்தார். 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று அவரை அழைத்தவர் நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை, 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நடராஜன் பெயரைச் சொல்லும்போது மாஸ்டர் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டார்.

நாக்குக்கு உண்மையான சோதனை எது என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: "ஜண்டை வரிசை."

பாட்டின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் சுரம் மாற மாற விரலும் மாறுகிறது. நாக்கு தூங்கினாலும் ஓரளவு தப்பிக்கலாம். ஸஸ ரிரி கக மம என்று இரட்டையாக வரும்போது தப்ப வழியில்லை. ஒரு விரலைத் தட்டி எடுத்து இரண்டாகக் காட்டலாம்தான்; தொடக்கத்தில் இருப்பவரை அதற்கு அவர் விடுவதில்லை. ஜண்டையில் அழுத்தம் இரண்டாவது சுரத்தில் விழ வேண்டும். அதாவது, நாக்கு முதல் சுரத்தை மென்மையாகத் திறந்து, அடுத்ததைச் சற்று உறுதியாகத் திறக்க வேண்டும். மூச்சு இரண்டுக்கும் ஒன்றே. மாயாமாளவகௌளை ராகத்தில் அவர் வாசித்துக் காட்டியபோது, பாட்டு ஆசிரியர் குரலால் கொடுக்கும் அதே அழுத்தம் கேட்டது.

கீர்த்தனைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. சாகித்தியத்தில் எழுத்து எங்கே தொடங்குகிறதோ அங்கே நாக்கு. அந்த எழுத்து இழுபடும் வரை நாக்குக்கு வேலை இல்லை. வீணைக்காரர் மீட்டு போடும் இடமும் இதுவே. வார்த்தை தெரியாமல் கீர்த்தனை வாசிப்பவர் நாக்கை எங்கே வைப்பார்? அந்த மாணவிக்கு இது ஒரு வார்த்தையில் புரிந்தது. அவர் பாட்டு கற்றவர். ஆலாபனையில் கமகம் அசையும்போது நாக்கு பெரும்பாலும் ஒதுங்கியே இருக்கும். தெருவில் ட்ரம்முக்கு நடுவே சினிமாப் பாட்டு வாசிக்கும்போதோ ஒவ்வொரு சுரமும் வெட்டினாற்போல் வர வேண்டும். இல்லாவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவருக்கு மெட்டு பிடிபடாது. காலையில் ஊர்வலமும் மாலையில் கச்சேரியும் வாசிக்கும் ஒருவர், ஒரே நாளில் இரண்டு விதமான நாக்கோடு வேலை செய்கிறார். இந்தத் திறமையைக் கல்யாண வீட்டில் யாரும் தனியாகக் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ரீடு செலவுதான் இவர்களை அழுத்துகிறது. பிரான்சின் தெற்கே விளையும் நாணலில் செய்த ரீடுகள் பெட்டிக்குப் பத்தாக வருகின்றன. பத்தும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தொடங்குபவர்களுக்கு 2 அல்லது 2½ எண். அதற்கு மேல் கனமானது கிடைத்தால் மாஸ்டர் பிளேடால் பதமாகச் சுரண்டிக் கொடுக்கிறார். நுனி உடைந்த ரீடில் நாக்குப் பழகக் கூடாது என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார். தன் பெட்டியில் நல்லதாகத் தேறியதைப் பையனுக்குக் கொடுத்துவிட்டு, தேய்ந்ததைத் தான் வைத்துக்கொள்கிறார்.

ஆவணி முகூர்த்தத்துக்குப் பையனைக் கூட்டிப் போவீர்களா என்று கேட்டேன்.

"வருவான். கோட்டுப் போட்டு ரெண்டாவது வரிசையில நிப்பான். நீட்டுச் சுரம் வர்ற இடத்துல மட்டும் ஊதுவான். நாக்கு வேலை வர்ற இடத்துல வாத்தியத்தைச் சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கணும்."

"முழுப் பாட்டு எப்ப மாஸ்டர்?" பையன் மவுத்பீஸை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டான்.

"தை மாசம். அதுக்குள்ள ஜண்டை சுத்தமா வந்துடணும். இப்ப ஊது."