உரைத்த இடம்

சென்ற தை மாதம் ஒரு நண்பர் எனக்கு ஒரு கத்தி கொண்டுவந்து கொடுத்தார். மஸ்கட்டில் கணக்கு வேலை பார்க்கிறார். கவிஞர். நான்கு வருஷங்களுக்கு முன் அவருடைய முதல் தொகுப்புக்கு நான் ஒரு மதிப்புரை எழுதினேன். அதற்குப் பிறகு அவர் கவிதை எதுவும் எந்தப் பத்திரிகையிலும் என் கண்ணில் படவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கத்தியைக் கையில் கொடுக்கக்கூடாது, சண்டை வரும் என்பார்கள். அவர் பெட்டியோடு மேஜைமேல் வைத்தார். "விமர்சகருக்கு வேற என்ன வாங்கிட்டு வர்றது?" என்றார். சிரித்தோம். காப்பி குடித்தோம். வரதராஜர் கோயில் வரை நடந்துவிட்டு வந்தோம். கவிதை பற்றிப் பேச்சு வரவில்லை.

அவர் போனபிறகு பெட்டியைத் திறந்தேன். ஒரு சாண் அலகுள்ள சமையலறைக் கத்தி. குளத்துத் தண்ணீரில் காற்று அடித்தாற்போல அலகு முழுக்கச் சாம்பல் நிற வரிகள். பெட்டியில் 'டமாஸ்கஸ்' என்று அச்சிட்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மதிப்புரையில் ஒரு வாக்கியம் உண்டு: இந்தப் படிமங்கள் டமாஸ்கஸ் எஃகின் உள்ளிருந்து எழும் வரிகள் அல்ல, ஆசிட் வைத்து மேலே அச்சடித்த வரிகள். அந்த இதழ் வந்த மாதம் இரண்டு மூன்று பேர் இந்த வாக்கியத்தைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள்.

அதை எழுதியபோது நான் டமாஸ்கஸ் எஃகைக் கண்ணால் பார்த்தவனல்ல என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பி.ஏ. ஆங்கிலம் படித்த நாளில் வால்டர் ஸ்காட்டின் 'தி டாலிஸ்மன்' நாவலில் சலாதீன் தன் வாளால் பட்டுத் திண்டை அநாயாசமாக அறுப்பதைப் படித்திருந்தேன். அவ்வளவுதான் பரிச்சயம். கத்தி வீட்டுக்கு வந்தபிறகுதான் விஷயத்தைத் தேடிப் படிக்க நேர்ந்தது.

படித்தால், சங்கதி நம் கொல்லைப்புறத்தில் தொடங்குகிறது. டமாஸ்கஸ் வாள் என்று பெயர் பெற்றவற்றுக்கான எஃகுக் கட்டிகள் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை. தமிழில் உருக்கு. கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு. அதுதான் ஐரோப்பியர் வாயில் 'வூட்ஸ்' ஆயிற்று என்கிறார்கள். சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் உலைகளின் தடயம் கிடைத்தது. கள்ளக்குறிச்சிப் பக்கம் மேல்சிறுவளூரில் எஃகு உருக்கிய மூசைகளின் உடைசல்களை 1990களில் சாரதா ஸ்ரீனிவாசன் ஆராய்ந்து எழுதினார். செய்முறை, சொல்லக் கேட்டால் எளிது. உமி கலந்து பிசைந்த களிமண் மூசைக்குள் இரும்புத் துண்டுகள். கூடவே ஆவாரம் விறகும் எருக்க இலையும். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஹீத் என்ற ஆங்கிலேயர் இந்த இரண்டு செடிகளையும் பெயர் சொல்லிக் குறித்துவைத்திருக்கிறார். வாயை மண்ணால் பூசி மூடி, உலையில் வைத்துத் துருத்தி போட்டு, பிறகு மெள்ள ஆறவிடுவது. உள்ளே இரும்பு கரியைக் குடித்து நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்குவரை கரி ஏறிய எஃகாகிறது. உடைத்தால் ஒரு கையில் அடங்கும் கட்டி. அது கடல் கடந்து, பாரசீகத்திலும் மேற்கே உள்ள பட்டறைகளிலும் வாளாயிற்று. பெயர் மட்டும் சந்தை இருந்த ஊரின் பெயர்.

காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இதற்கு ஆச்சரியப்பட முடியாது. இங்கே பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, பெயர் காஞ்சிபுரம். பெயர் பொய்யுமல்ல. பொருள் எங்கே பொருளாகிறதோ அங்கே பெயர் ஒட்டிக்கொள்கிறது.

வரிக்கு வருகிறேன். இந்த எஃகை அதிகம் காய்ச்சாமல், திரும்பத் திரும்பச் சூடாக்கித் தட்டித் தட்டி நீட்டும்போது, கரி மிகுந்த கடினமான துகள்கள் உள்ளே வரிசைகட்டி நிற்கின்றன. மெருகேற்றிய அலகில் இது கண்ணுக்குத் தெரியாது. வெறும் பளபளப்புதான். அமிலம் பூசினால்தான் துகள் வெள்ளையாகவும் சுற்றியுள்ளது கருப்பாகவும் பிரிந்து வரி எழும். தேய்த்து அழித்துவிட்டு மறுபடி பூசினால் மறுபடி எழும். அமிலம் வரியைப் போடுவதில்லை, காட்டுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஐரோப்பாவுக்கு வெகுகாலம் ஆயிற்று. 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் வூட்ஸ் பற்றிக் கட்டுரை படித்தார். 1819இல் மைக்கேல் பாரடே அதைப் பகுத்துப் பார்த்தார். கொல்லர் மகன், பின்னால் மின்சாரத்தில் அவ்வளவு பெரிய காரியங்கள் செய்தவர். இந்த எஃகின் விசேஷத்துக்குக் காரணம் அலுமினியம் என்று முடிவுகட்டினார். தவறு. பாரிஸில் ப்ரெயான் என்பவர் 1820களில் கரிதான் விஷயம் என்றார். வரி ஏன் வரிசைகட்டுகிறது என்பதற்கு அமெரிக்காவில் வெர்ஹூவன் என்ற உலோகவியலாளரும் பென்ட்ரே என்ற லாடக்காரரும் சேர்ந்து பல வருஷம் உழைத்து 1998இல் ஒரு விடை வெளியிட்டார்கள்: தாதுவில் மிகச் சொற்பமாகக் கலந்திருக்கும் வனேடியம் போன்ற அசுத்தங்கள். சுத்தமான இரும்பில் அந்த வரி கிடையாது. அப்படிப்பட்ட தாது கிடைக்காமற் போனதே பழைய தொழில் மறைந்ததற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்பது அவர்கள் அனுமானம். எப்படியும் 19ஆம் நூற்றாண்டில் அது நின்றுபோயிற்று.

இன்று கடையில் டமாஸ்கஸ் என்று கிடைப்பது வேறு. இரண்டு வகை எஃகை அடுக்கடுக்காகக் காய்ச்சி ஒட்டி, மடித்து, முறுக்கிச் செய்வது. நிக்கல் உள்ள அடுக்கு அமிலத்தில் வெளுப்பாக நிற்கும், மற்றது கறுக்கும். 1973இல் அமெரிக்காவில் வில்லியம் மோரன் இப்படிச் செய்த கத்திகளைக் காட்சிக்கு வைத்தபிறகு அந்தப் பெயர் இதற்கே நிலைத்துவிட்டது. இது பழைய உருக்கு அல்ல, ஆனால் நேர்மையான வேலை. வரி இங்கேயும் உடம்போடு பிறந்ததுதான். மூன்றாவது வகை ஒன்று உண்டு. சாதாரணத் துருப்பிடிக்காத எஃகின்மேல் லேசராலோ அமிலத்தாலோ வரியைப் படமாகப் பதிப்பது.

வாங்குகிறவர் செய்யவேண்டியது அதிகமில்லை. முகத்தைப் பார்க்கவேண்டாம், கத்தியின் முதுகைப் பாருங்கள். மெய்யானதில் அடுக்குகள் முதுகிலும் தெரியும். பதித்ததில் வரி விளிம்போடு நின்றுவிடும், முதுகு மொட்டையாக இருக்கும். ஒரே உரு அளவெடுத்தாற்போலத் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்படலாம். வரியைப் பற்றியே பேசி, என்ன எஃகு, முனை எத்தனை நாள் நிற்கும் என்று சொல்லாத கடைக்காரரையும் சந்தேகப்படலாம். இவற்றில் முதல் பாடம் எனக்கு வீட்டிலேயே கிடைத்திருக்கவேண்டியது. பிள்ளையார்பாளையத்தில் நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்த அப்பா, எந்தப் புடவையையும் திருப்பித்தான் பார்ப்பார். உடலும் கரையும் சேரும் கோர்வை உள்பக்கம் எப்படி இருக்கிறது என்பதுதான் அவருக்குப் புடவை. ஜரிகையை நகத்தால் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்ப்பார்.

நண்பர் கொடுத்த கத்தியின் முதுகு மொட்டையாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். விமர்சகனுக்கு விடமுடியாது. பிடிக்குப் பக்கத்தில் ஒரு நகக்கண் அளவு இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பெரிக் குளோரைடு வாங்கிவந்து மூன்று தடவை பூசினேன். ஒரே சீராகச் சாம்பல் பூத்தது. வரி வரவில்லை. அப்போது எனக்கு ஒரு சந்தோஷம் உண்டானது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. நான் சொன்னது சரியாகிவிட்டது போன்ற சந்தோஷம். கத்திக்கும் கவிதைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் நகைக்கடன் கவுண்டர் என்னுடையது. நகைக்கு மாற்றுப் பார்க்க ஒரு பெரியவர் வருவார். கருப்பு உரைகல், ஒரு சிறு குப்பியில் நைட்ரிக் அமிலம், மாற்று ஊசிகள். கல்லில் ஒரு கோடு இழுப்பார், பக்கத்தில் ஊசியால் ஒரு கோடு. அமிலத்தைத் தொட்டு வைப்பார். எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று பார்ப்பார். மாத்யூ ஆர்னால்ட் 1880இல் கவிதைக்கு உரைகல் வேண்டும், பெருங்கவிகளின் வரிகளே அந்த உரைகல் என்று எழுதியதை நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன். நம்மிடம் க.நா.சு. ரசனையே போதும் என்றார், செல்லப்பா அலசவேண்டும் என்றார். எங்கள் கவுண்டரில் இரண்டும் தினமும் நடக்கிறது. பெரியவர் முதலில் நகையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். பிறகுதான் கல்.

ஒருநாள் ஒரு கிழவியின் சங்கிலி மாற்றுக் குறைவாக வந்தது. கிழவி அழவில்லை, நின்றுகொண்டிருந்தாள். பெரியவர் சங்கிலியை வாங்கி மறுபடி வேறு இரண்டு இடத்தில் உரைத்தார். சரியாக இருந்தது. என்னிடம் சொன்னார்: "தம்பி, மாத்து உரைச்ச எடத்துக்குத்தான். நகைக்கு இல்ல. பத்து வெச்ச எடத்துல உரைச்சா நல்ல நகையும் கம்மியாத்தான் காட்டும். நாலு எடம் பாக்கணும். அதுக்குன்னு நெறைய உரைக்கவும் கூடாது. கல்லுல போறது அவங்க தங்கம்."

அன்று ராத்திரி நண்பரின் தொகுப்பை எடுத்தேன். என் மதிப்புரையையும் எடுத்து வைத்துக்கொண்டேன். நான் மேற்கோள் காட்டியிருந்த ஐந்து கவிதைகளும் தொகுப்பின் முதல் பாதியில் இருப்பவை. உவமையை உவமையோடு பற்றவைத்த இடங்கள். அவற்றைப் பற்றி நான் எழுதியது இன்றைக்கும் சரி. பின்பாதியில் பதினோரு சிறு கவிதைகள். அவற்றை 'வெறும் தகவல்கள்' என்று ஒரு வரியில் தள்ளியிருந்தேன். படிமம் ஒன்றுகூட இல்லாததால் சோதிக்க அங்கே எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதில் ஒன்று, ஆள் இல்லாத ஒரு குழித்தறியைச் சொல்கிறது. குழிக்குள் என்னென்ன கிடக்கின்றன என்று ஒரு பட்டியல். வேறொன்றுமில்லை.

மதிப்புரை எழுதியபோது அப்பா இருந்தார். போன வருஷம் இறந்துபோனார். தறியை விற்றபிறகு குழியை மண் போட்டு மூடச் சொல்லி நானே ஆள் வைத்தேன். அதற்கு முன் குழிக்குள் என்ன கிடந்தது என்று எனக்குத் தெரியும். கவிதையின் பட்டியல் ஏறக்குறைய அதுதான், அதே வரிசையில். மூன்றாவது வரிக்குமேல் எனக்குப் படிக்க முடியவில்லை. நான்கு வருஷம் மொட்டையாகக் கிடந்த பக்கம் அது.

இதை வைத்து, வாசகனுக்குச் சாவு நேர்ந்தால்தான் கவிதை விளங்கும் என்று ஒரு தத்துவம் கட்ட எனக்கு விருப்பமில்லை. அப்படியானால் விமர்சனம் என்ற காரியமே வேண்டாம். நான் சொல்ல வருவது இன்னும் சிறியது. அமிலம் இல்லாமல் பார்த்துவிட்டு வரி இல்லை என்று எழுதினேன். கையில் இருந்த அமிலம் உவமைகளைச் சோதிக்க மட்டுமே ஆனது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பாரடேவும் தவறினார் என்பது ஆறுதல்தான். ஆனால் அவர் தவறியதால் எந்தக் கொல்லனும் சம்மட்டியைக் கீழே வைக்கவில்லை.

கத்தி இப்போது சமையலறையில் இருக்கிறது. என் மனைவி அதைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிறாள். எட்டு மாதத்தில் வரி பாதி போய்விட்டது. ஆனால் எஃகு மோசமில்லை. சேனைக்கிழங்கு வழுக்காமல் அறுபடுகிறது. சைக்கிளில் வரும் சாணைக்காரர் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல பொருள், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். வரியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

நண்பர் இந்தப் பத்திரிகையின் சந்தாதாரர். கத்தியின் வரி பதித்த வரி என்பது அவருக்கு இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது, ஏற்கெனவே தெரியாமலிருந்தால். தெரிந்தே வாங்கி வந்தாரா என்று சோதிக்க என்னிடம் கல் இல்லை. தெரிந்தே என்றால், அந்த மதிப்புரைக்கு வந்த மறுமொழிகளில் அதுதான் சிறந்தது.

என் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன். அது தொகுப்பின் முதல் பாதிக்குப் பொருந்தும். தொகுப்புக்குப் பொருந்தாது.