தண்ணீரைப் பிடிக்கும் வலை

‘ஜெல்’ என்றதும் நம்மில் பலருக்குத் தலையில் தடவுவதுதான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது உடம்புக்கு ஒத்துப்போகும் ஜெல்லைப் பற்றி. கடப்பாக்கத்தில் வலை பின்னும் வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அதனாலோ என்னவோ, இது சுலபமாகவே புரிந்தது.

ஜெல் என்பது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் வலை. நீளமான மூலக்கூறு இழைகள்தான் நூல். இழையும் இழையும் சேரும் இடம் முடிச்சு. நண்டு வலைக்குக் கண் பெரிசு, கவலை வலைக்குச் சின்னது. ஜெல்லிலும் அதே கணக்குதான். முடிச்சு கூடினால் கண் சுருங்கும். ஜெல் விறைக்கும், உள்ளே வைத்த மருந்து மெதுவாகக் கசியும். முடிச்சு குறைந்தால் கொழகொழத்துவிடும்.

உதாரணம் ஆல்ஜினேட். மண்டபம், பாம்பன் பக்கம் கடலில் கிடைக்கும் கட்டக்கோரைப் பாசியிலிருந்து எடுப்பது. சோடியம் ஆல்ஜினேட்டைத் தண்ணீரில் கரைத்தால் கஞ்சி மாதிரி இருக்கும். அதைக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டும் வெந்த ஜவ்வரிசி போல உருண்டு நிற்கும்! சோடியத்துக்கு ஒரு கைதான், கால்சியத்துக்கு இரண்டு. இரண்டு இழைகளைப் பிடித்து முடிச்சுப் போட்டுவிடும். இழையில் ‘ஜி’, ‘எம்’ என இருவகைச் சர்க்கரைகள் உண்டு. ‘ஜி’ அதிகமானால் ஜெல் கெட்டி, ஆனால் நொறுங்கும். ‘எம்’ அதிகமானால் மிருது, வளையும். எந்தப் பாசி, எவ்வளவு கால்சியம் என்பதெல்லாம் நம் கையில்.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை? ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் முகத்துவாரத்தில் சிப்பி கிழித்து அப்பாவுக்குக் காலில் புண். உடம்பில் சர்க்கரை வேறு. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் காய்ந்த துணியோடு புதுத்தோலும் பிய்ந்து வந்தது. புயலுக்கே பயப்படாத மனுஷன், பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். நாற்பது நாள் கடலுக்குப் போகலை. அம்மா கூடையில் மீன் விற்றுத்தான் என் ஃபீஸ் கட்டினாங்க.

ஈரமாக வைத்த புண் சீக்கிரம் மூடும் என்று ஜார்ஜ் விண்டர் 1962-லேயே பன்றிகளில் சோதித்துக் காட்டிவிட்டார். கால்சியம் ஆல்ஜினேட் கட்டு, புண்ணில் கசியும் நீரிலுள்ள சோடியத்தை வாங்கிக்கொண்டு கால்சியத்தைக் கொடுத்து, தானே ஜெல்லாகிவிடும். உப்புநீர் விட்டுக் கழுவினால் வலியில்லாமல் வந்துவிடும். காய்ந்த புண்ணுக்கு இது ஆகாது. அதற்குத் தண்ணீர் நிறைந்த வேறு ஜெல் வேணும். மீனுக்கு மீன் வலை மாறுகிற மாதிரிதான்!

செறிவு, சூடு, நேரம் அளந்து இந்த முடிச்சுக் கணக்கைப் போடுவது டிப்ளமோக்காரர் செய்யக்கூடிய வேலைதான். பாசி நம் கடலில் இருக்கிறது. கட்டும் நம் கரையிலிருப்பவர் வாங்கும் விலைக்கு வரணும். அடுத்த வருஷம் புராஜெக்ட்டுக்கு என் தலைப்பு இதுதான். கூட யார் வர்றீங்க?

— இரண்டாம் ஆண்டு, கெமிக்கல் பிரிவு